கழிவுப் பொருள்களில் ஒரு விண்வெளி வீரரின் மார்புப் பெட்டி

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23-இன் நினைவாக அந்தத் தேதி தேசிய விண்வெளி நாளாக அறிவிக்கப்பட்ட பிறகு, மதுரைப் பகுதிப் பள்ளிகளின் மாறுவேடப் போட்டிகளில் பாரதியாருக்கும் வேலு நாச்சியாருக்கும் நடுவே விண்வெளி வீரர்களும் வரிசையில் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெள்ளை உடையைத் தைத்து வாங்குவது கடினமில்லை. நெடுங்காலம் புதுமண்டபத்தில் இருந்து பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்கடைகளில் பிள்ளையை நிறுத்தினால், என்ன வேடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அளவெடுத்துவிடுவார்கள். தடுமாற்றம் எல்லாம் மார்பின் மேல் வரும் கருவிப் பெட்டியில்தான் வருகிறது. தெர்மாகோல் துண்டின் மேல் வெள்ளித்தாளைச் சுற்றி, நான்கு சமிக்கிகளையும் சீரியல் பல்பு ஒன்றையும் ஒட்டி அனுப்பிவிடுகிறோம். பிள்ளை மேடையேறியதும் அது பரிசுப் பொட்டலம் போலத் தெரிகிறது.

என் மகளுக்காகவும் பிறகு தங்கை பிள்ளைகளுக்காகவும் இத்தகைய பெட்டிகளைச் செய்திருக்கிறேன். முதற்பெட்டியில் பழைய ரேடியோ, டிவிடி பிளேயர் ஆகியவற்றிலிருந்து கழற்றிய பச்சை நிறச் சர்க்யூட் போர்டுகளை முகப்பு முழுவதும் ஒட்டினேன். மின்னணுப் பொருள் என்றால் மின்னணுப் பாகங்கள் தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பார்த்தவர்களுக்கு உடைந்த ரேடியோதான் நினைவுக்கு வந்தது. நம் வீட்டில் இருக்கும் எந்த எந்திரத்தையும் பாருங்கள்: மிக்சியானாலும் இன்வெர்ட்டரானாலும், கைக்கு வேண்டிய குமிழும் கண்ணுக்கு வேண்டிய விளக்கும் மட்டுமே வெளியே இருக்கும், மற்ற யாவும் மூடியின் உள்ளே இருக்கும். ஆகவே முகப்பில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதையும், அந்த வேலை என்ன என்று பெட்டியை அணியும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லும் அளவு, நிறம், இடைவெளி எல்லாம் அந்த விதியிலிருந்து பிறந்தவை.

உண்மைப் பெட்டியில் என்ன இருந்தது

நிலவில் நடந்த அப்போலோ வீரர்களின் மார்பில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. முதுகுப் பையில் உள்ள காற்றாடியை இயக்க ஒரு சுவிட்ச், குளிர்விக்கும் நீரைச் சுற்றவைக்கும் பம்ப்புக்கு ஒரு சுவிட்ச், பேச்சுத் தொடர்பைத் தேர்ந்தெடுக்க ஒரு திருப்புக் குமிழ், ஒலியளவுக்கு ஒன்று, எஞ்சியுள்ள ஆக்சிஜனைக் காட்டும் ஓர் அளவுமானி, சில எச்சரிக்கைக் குறிகள், படக்கருவியை மாட்ட ஒரு தாங்கி ஆகியவையே அதில் இருந்தன. உடையில் குழாய்கள் வந்து சேரும் வட்ட இணைப்புகளில் காற்று உள்ளே வருவது நீலமாகவும் வெளியே போவது சிவப்பாகவும் இருக்கும். குமிழ்களும் சுவிட்சுகளும் பெரியவையாக இருந்ததற்குக் காரணம் எளியது. காற்றழுத்தத்தில் விறைத்து நிற்கும் தடித்த கையுறையோடு அவற்றை இயக்க வேண்டும்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடக்கும் அமெரிக்க வீரர்களின் உடையில் இதைவிட அழகான ஒரு நுணுக்கம் உண்டு. தலைக்கவசமும் கழுத்து வளையமும் மறைப்பதால், தம் மார்புப் பெட்டியின் முகப்பை வீரரால் குனிந்து பார்க்க முடியாது. எனவே மணிக்கட்டில் ஒரு சிறு கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, அதில் விழும் பிம்பத்தைப் பார்த்துத்தான் எழுத்துகளைப் படிக்கிறார்கள்; அதற்காகவே பெட்டியின் மேல் எழுத்துகள் இடவலம் மாறி அச்சிடப்பட்டிருக்கும். நம் பெட்டியில் அப்போலோவின் நீல, சிவப்பு இணைப்புகளையும் இந்தக் கண்ணாடி எழுத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளப் போகிறோம். காலத்தால் இரண்டும் வேறான உடைகளைச் சேர்ந்தவை என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவைப்பது நல்லது. நடுவர் கேட்டால் சரியாகப் பதில் சொல்லட்டும்.

எங்கே, எதைத் தேடுவது

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். நான் தேடும் முதல் பொருள் பழைய ஸ்டெபிலைசர். டிவிக்கோ குளிர்பதனப் பெட்டிக்கோ வாங்கி, இப்போது பயனற்றுக் கிடக்கும் அந்த இரும்புப் பெட்டியின் முகப்பில் முள் வைத்த வோல்ட் மீட்டர் ஒன்று இருக்கும். இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த பாகம் வேறில்லை. கனமான டிரான்ஸ்பார்மரை விட்டுவிட்டு மீட்டரை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். அடுத்து கேஸ் அடுப்பின் குமிழ்கள். கையுறைக் கைக்கு ஏற்ற பருமன் அவற்றுக்குத்தான் உண்டு. மின்விசிறியின் பழைய படிநிலை ரெகுலேட்டரில் உள்ள சுழல் சுவிட்ச் ‘டக், டக்’ என்று நின்று நின்று திரும்பும். குமிழைத் தனியே ஒட்டிவிடாமல், இப்படி உண்மையாகவே திரும்பும் ஒரு தண்டின் மேல் பொருத்துங்கள். பிள்ளை திருப்பும்போது கேட்கும் அந்த ஒலி, பத்து விளக்குகள் தராத நம்பிக்கையைப் பார்ப்பவருக்குத் தருகிறது. தண்டின் பருமனும் குமிழின் துளையும் பொருந்தாவிட்டால் துளைக்குள் எம்-சீல் நிரப்பி, இறுகும் முன் தண்டில் அழுத்தி எடுத்துக்கொள்ளலாம்.

கெட்டுப்போன கணினிக் கீபோர்டைத் திறந்தால், வெள்ளிக் கோடுகள் ஓடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்கள் உள்ளே இருக்கும். பின்னாலிருந்து சிறிது ஒளி கொடுத்தால் அவை மிக அழகாகத் தெரியும். வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவரிடம் பழைய கழிவுநீர்க் குழாய் கிடைக்கும்; சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக, எடையே இல்லாமல் இருக்கும் அது காற்றுக் குழாய்க்கு அப்படியே பொருந்தும். குழாய் பெட்டியைச் சேரும் இடத்துக்கு, செல்லூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர்களிடம் நூல் தீர்ந்த காகிதக் கூம்புகளைக் கேட்டு வாங்குங்கள். கூம்பின் அடிப்பாகத்தை மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து, சிறிய குக்கரின் பழைய ரப்பர் வளையத்தைத் தேவையான நீளத்துக்கு வெட்டி விளிம்பில் சுற்றினால் இணைப்பு வளையம் தயாராகிவிடும். சைக்கிள் கடையில் சக்கரத்தின் போக்குக் கம்பிகள் (ஸ்போக்) இரண்டு, பழைய பள்ளிப் பையிலிருந்து கொக்கியோடு கூடிய தோள்பட்டைகள், கணினிப் பெட்டியின் திருகாணிகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் உடலுக்கு, பிளெக்ஸ் அச்சிடும் கடைகளில் வெட்டிப்போட்ட சன்போர்டு என்னும் இலேசான பிளாஸ்டிக் நுரைப் பலகையின் துண்டுகள் போதும். விழாவும் திருமணமும் ஓயாத நம் ஊரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. எல்.இ.டி., மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், செல் தாங்கி ஆகியவற்றை மட்டும் டவுன்ஹால் ரோட்டுப் பகுதியில் உள்ள உதிரிபாகக் கடைகளில் புதிதாகவே வாங்கிவிடுங்கள். சில ரூபாய் விலையுள்ள பொருளுக்காகப் பழைய சர்க்யூட் பலகையைச் சுட்டுக் கழற்ற வேண்டியதில்லை.

திறக்கக் கூடாதவை

காயலான் கடையில் கிடைப்பதெல்லாம் திறக்கத் தக்கவை அல்ல. பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வண்ணப் படக்குழாய் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்குவது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். குழாய் உடைந்தால் கண்ணாடி சிதறும். மைக்ரோவேவ் அடுப்பும் அப்படியே. அதன் உயரழுத்த மின்தேக்கியால் உயிர்போகும். கணினியின் மின்வழங்கிப் பெட்டியில் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய மின்தேக்கிகளில் தேங்குகிறது. அதையும் திறக்க வேண்டாம். பழைய படக்கருவியின் பிளாஷ், உடைந்த சி.எப்.எல். விளக்கு, உப்பிய கைப்பேசி பேட்டரி ஆகியவற்றையும் தொட வேண்டாம். சி.எப்.எல். விளக்கில் பாதரசம் இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பற்றும்.

கழற்றிய பாகங்களைப் பழைய பல்தூரிகையாலும் சோப்பு நீராலும் தேய்த்து வெயிலில் உலர்த்துங்கள். மீட்டரையும் சுவிட்சையும் மட்டும் நீரில் நனைக்காமல் துணியால் துடையுங்கள். பழைய பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் இருப்பதால், அவற்றைத் தொட்ட கையைக் கழுவாமல் யாரும் உணவைத் தொடக் கூடாது. பலகையை அறுப்பதால் எழும் கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஆகவே ரிமோட் கருவியின் பலகை போல, அறுக்கத் தேவையில்லாத சிறிய பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வரைபடமும் பெட்டியும்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அகலம் 22, உயரம் 14, ஆழம் 7 சென்டிமீட்டர் என்ற அளவு பொருந்தும். பருமனான அட்டையில் அந்த அளவுக்கு ஒரு செவ்வகம் வெட்டி, பிள்ளையின் மார்பில் வைத்துக் கைகளை மடக்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கை இடித்தால் அகலத்தைக் குறைக்க வேண்டும். பிறகு அதே அட்டையை மேசையில் கிடத்தி, சேர்த்த பாகங்களை அதன் மேல் பரப்புங்கள்.

இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பெட்டி நன்றாக அமைவதும் அமையாததும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. இடப்பக்கம் காற்று, வலப்பக்கம் பேச்சுத் தொடர்பு, நடுவில் அளவுமானி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்றுப் பகுதியில் காற்றாடிக்கும் பம்ப்புக்கும் இரண்டு சுவிட்சுகள். தொடர்புப் பகுதியில் ஒரு பெரிய திருப்புக் குமிழும் ஒலியளவுக்கு ஒரு சிறிய குமிழும். அளவுமானிக்குக் கீழே மூன்று விளக்குகள். இவ்வளவு போதும். சேர்த்துவைத்த பாகங்களில் பாதி மேசையிலேயே மிஞ்சும். அவற்றையும் எங்காவது சொருகிவிட வேண்டும் என்ற ஆசை எழும்போது, அந்தப் பொருளின் வேலை என்ன என்று ஒருமுறை சத்தமாகக் கேளுங்கள், பதில் கிடைக்காவிட்டால் எடுத்து வைத்துவிடுங்கள். தோட்ட வேலைக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குமிழையும் பிடித்துப் பாருங்கள். பக்கத்துக் குமிழில் விரல் பட்டால் இடைவெளி போதவில்லை; மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இப்படி இடம்விட்டு வைக்கும்போது முகப்பில் வெறுமையாக இருக்கும் பகுதியே அதற்கு ஒரு கண்ணியத்தைக் கொடுக்கிறது.

பிடித்தமான அமைப்பு வந்ததும் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்த அட்டையையே வெட்டுப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பக்கங்களை 5 மில்லிமீட்டர் சன்போர்டிலும் முகப்பை 3 மில்லிமீட்டர் சன்போர்டிலும் வெட்டலாம். இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, கட்டரை ஒரே அழுத்தில் இழுக்காமல் மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் விளிம்பு சிதையாது. மேற்பக்கத்தைச் சற்றுச் சரிவாக அமையுங்கள்.  வெளி மூலைகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலை அட்டைப்பெட்டியை நினைவூட்டும். வளைந்த மூலை வார்ப்பில் செய்த பொருளைப் போலத் தோன்றும். மூட்டு தெரியும் இடங்களில் மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் பட்டைகளை இரண்டு அடுக்கு ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் தேய்த்துவிட்டால் போதும். விளாச்சேரிக் காகிதக் கூழ் பொம்மைகளை வாங்கிக் கொலு வைத்த வீடுகளில், காகிதமும் பசையும் எவ்வளவு உறுதியாகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

முகப்பை ஒட்டிவிடக் கூடாது. நான்கு மூலையிலும் உள்பக்கம் சிறு மரக்கட்டைகளை ஒட்டி, கணினித் திருகாணிகளால் முடுக்குங்கள். செல் மாற்றத் திறக்க வேண்டும் என்பது ஒரு காரணம். திருகாணித் தலைகள் வெளியே தெரிவதால் பழுதுபார்க்கத் தக்க ஒரு கருவி என்ற எண்ணம் தானாகவே வருவது மற்றொரு காரணம்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. சூட்டுப் பசைத் துப்பாக்கி விரைவாக வேலை முடிக்கும். என் இரண்டாவது பெட்டியை அதை நம்பித்தான் செய்தேன். சித்திரை வெயிலில் வண்டியின் முன்பக்கம் வைத்து நாலைந்து கிலோமீட்டர் கொண்டுபோன பிறகு பார்த்தால் குமிழ்கள் இரண்டு சரிந்து தொங்கின. அன்று பள்ளி வாசலில் நின்று நூலால் கட்டித்தான் உள்ளே அனுப்பினேன். அந்தப் பசை வெப்பத்தில் இளகும் இயல்புடையது. எடையுள்ள மீட்டர், குமிழ், குழாய் இணைப்பு ஆகியவற்றுக்கு அரால்டைட் போன்ற இருகலவைப் பசையையே பயன்படுத்தி, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். தெர்மாகோலைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: பெவிக்விக்கும் ஸ்பிரே பெயின்ட்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். முதலில் பெவிகாலை இரண்டு முறை பூசிக் காயவைத்த பிறகே வண்ணத்துக்குப் போக வேண்டும்.

மூன்று விளக்குகள், மூன்று செல்கள்

பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, தானாக மின்னும் சிவப்பு ஒன்று என மூன்று எல்.இ.டி.களே நமக்கு வேண்டியவை. தானாக மின்னும் எல்.இ.டி.யின் உள்ளேயே அதற்கான சிறு சில்லு இருப்பதால் தனிச் சுற்று எதுவும் அமைக்க வேண்டியதில்லை. 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி மூன்றைத் தொடராக வைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், சாதாரணப் பச்சை எல்.இ.டி.களுக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், எஞ்சிய 2.5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ள வேண்டும். இத்தகைய எல்.இ.டி.க்குப் பொதுவான உச்ச அளவு 20 மில்லி ஆம்பியர். நமக்கு 8 முதல் 10 வரை இருந்தால் போதும். 2.5 வோல்ட்டை 0.01 ஆம்பியரால் வகுத்தால் 250 ஓம் வருகிறது. கடையில் 270 அல்லது 330 ஓம் கேளுங்கள். 330 ஓம் ரெசிஸ்டரில் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று வளையங்கள் இருக்கும். வெள்ளை அல்லது நீல எல்.இ.டி. வைப்பதானால் அதற்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் தேவைப்படும் என்பதால் 150 ஓம் சரியாக இருக்கும்.

ஒவ்வோர் எல்.இ.டி.க்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே வைத்தால் நிறத்துக்கு நிறம் தேவைப்படும் வோல்ட் அளவு மாறுவதால் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் எரியும். எல்.இ.டி.யின் நீளக் கால் நேர்முனை. குட்டைக் கால் இருக்கும் பக்கம் விளிம்பு தட்டையாக இருக்கும், அது எதிர்முனை. நேர்முனையோடு ரெசிஸ்டரை இணைத்து, மூன்று ரெசிஸ்டர்களின் மறுமுனைகளையும் ஒன்றுசேர்த்து, சுவிட்ச் வழியாகச் செல் தாங்கியின் சிவப்பு வயருக்குக் கொண்டுசெல்லுங்கள். மூன்று எதிர்முனைகளும் கறுப்பு வயருக்குப் போகட்டும். பச்சை விளக்கை மட்டும் காற்றாடிச் சுவிட்ச் வழியாக இணைத்தால், பிள்ளை அந்தச் சுவிட்சைப் போடும்போது அது எரியும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். அதைப் பெரியவர்களே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டின் மேலும் ஸ்லீவ் குழாய் அல்லது இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மூன்றும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் அளவே இழுப்பதால், நல்ல அல்கலைன் செல்கள் இருந்தால் ஒரு முழு நாள் விழாவிலும் சார்ஜ் தீராது.

இடத்தை மிச்சப்படுத்த நினைத்துப் பட்டன் செல்லைப் பயன்படுத்தாதீர்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கக்கூடிய பொருள் அது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியமாகிறது. 230 வோல்ட்டில் ஓடும் சீரியல் செட்டை உடலில் கட்டும் எண்ணமே வரக் கூடாது.

மதுரையில் காலை பத்து மணி வெயிலில், திறந்த மைதானத்தில், எல்.இ.டி. எரிவதே தெரியாது. எனவே அதை முகப்பின் மட்டத்தில் வைக்காமல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்தி, தடித்த பேனா மூடியை அறுத்த வளையத்தைக் கூரைபோல முன்னால் ஒட்டுங்கள். வளையத்தின் உட்புறம் கறுப்பாக இருக்கட்டும். எல்.இ.டி.யின் தலையை நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிட்டால் ஒளி ஒரே புள்ளியாகக் குத்தாமல் பரவித் தெரியும்.

மீட்டர், காவல் கம்பி, எழுத்து

வோல்ட் மீட்டரின் முன்மூடியை மெதுவாக நெம்பினால் கழன்றுவிடும். அளவுத்தட்டை எடுத்து, அதன் வடிவில் புதிய தாள் வெட்டி, பூஜ்யத்திலிருந்து நூறுவரை கோடுகளும், கடைசிக் கால்பகுதியான பூஜ்யத்தை ஒட்டிய இடத்தில் சிவப்புப் பட்டையும் வரைந்து ஒட்டுங்கள். முள்ளை முக்கால் அளவில் நிறுத்தி, அதன் அச்சில் ஒரு துளி பெவிகால் விட்டால் ஆக்சிஜன் முக்கால் பங்கு இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். முழுமையில் நிறுத்த வேண்டாம். வேலைக்கு நடுவில் இருக்கும் ஒரு வீரரின் கருவி முக்காலில் நிற்பதுதான் இயல்பு.

விண்கலங்களில் தவறுதலாகக் கை பட்டுச் சுவிட்ச் மாறிவிடாமல் இருக்க இருபுறமும் காவல் வளைவுகள் வைப்பார்கள். சைக்கிள் போக்குக் கம்பியை ‘ப’ வடிவில் வளைத்து, இரண்டு சுவிட்சுகளின் இருமருங்கிலும் துளையிட்டுச் செருகி, பின்னால் மடக்கி ஒட்டுங்கள். செய்வதற்குப் பத்து நிமிடம் ஆகும் இந்தக் கம்பி, முகப்பின் தோற்றத்தை வேறெந்தப் பாகத்தையும்விட அதிகமாக மாற்றிவிடும். நறுக்கிய முனைகளை அரத்தால் மழுக்க மறக்காதீர்கள்.

சர்க்யூட் போர்டின் மேல் ஆசை விடவில்லையென்றால், பெட்டியின் பக்கவாட்டில் ஐந்துக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு சாளரம் வெட்டி, இனிப்புப் பெட்டியின் தெளிந்த பிளாஸ்டிக் மூடியால் அதை மறைத்து, உள்ளே ரிமோட்டின் பலகையையும் அதன் பின்னால் கீபோர்டுத் தாளையும் வையுங்கள். உள்ளே இருக்க வேண்டியது உள்ளேதான் இருக்கிறது. பிள்ளை திரும்பும்போது மட்டும் கண்ணில் பட்டு மறையும்.

வண்ணத்துக்குச் சுவர்ப் பிரைமரை இரண்டு முறை மெல்லிதாகப் பூசி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் சற்றே மங்கிய வெள்ளையைப் பூசுங்கள். கோடையில் மூன்று மணி நேரத்தில் காய்வது, ஐப்பசி மழையில் ஒரு நாளை விழுங்கும். குமிழ்களையும் மீட்டரையும் வண்ணம் காய்ந்த பிறகே பொருத்த வேண்டும். முன்னரே பொருத்தி, சுற்றிச் சுற்றித் தூரிகையால் பூசினால் விளிம்புகளில் கசிவு தெரியும். நிலவிலிருந்து திரும்பிய உடைகள் சாம்பல் தூசி படிந்து அழுக்காகவே இருந்தன. அந்தத் தோற்றம் வேண்டுமென்றால், தூரிகையில் சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, பழந்துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளிலும் திருகாணிகளைச் சுற்றியும் மட்டும் இலேசாக உரசுங்கள். இணைப்பு வளையங்களில் ஒன்றுக்கு நீலமும் மற்றொன்றுக்குச் சிவப்பும் பூசிக்கொள்ளுங்கள்.

எழுத்துகளைக் கையால் எழுத வேண்டாம். காற்றாடி, நீர், ஆக்சிஜன், தொடர்பு, ஒலி என்ற சொற்களைத் தடித்த நேரெழுத்தில் ஜெராக்ஸ் கடையில் ஒளிபுகும் தாளில் அச்சிட்டு வாங்குங்கள். துண்டுகளாக வெட்டி, அச்சுப் பக்கம் பெட்டியைத் தொடுமாறு திருப்பி ஒட்டினால் எழுத்து இடவலம் மாறித் தெரியும். மை வெளியே இல்லாததால் கை பட்டு அழியவும் செய்யாது. ஒரு முகப்பவுடர் டப்பாவின் சிறு கண்ணாடியை எடுத்து, விளிம்பில் துணி டேப் சுற்றி, வெல்க்ரோ பட்டையில் தைத்துப் பிள்ளையின் இடது மணிக்கட்டில் கட்டுங்கள். பள்ளி மேடையில் நின்று ‘இந்த எழுத்து ஏன் தலைகீழாக இருக்கிறது’ என்று நடுவர் கேட்டபோது, என் மகள் மணிக்கட்டை அவர் பக்கம் திருப்பிக் கண்ணாடியில் ‘ஆக்சிஜன்’ என்று படிக்கக் காட்டினாள். அரங்கில் பின்வரிசையில் இருந்தவர்களும் எழுந்து பார்த்தார்கள்.

கட்டுவதும் கொண்டுபோவதும்

முடிந்த பெட்டியை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். செல்களோடு சேர்த்து 400 கிராமைத் தாண்டினால் எதையாவது குறைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கப் போவது பிள்ளைதான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள். பள்ளிப் பையின் தோள்பட்டைகள் இரண்டையும் தோள்வழியே கொண்டுபோய் முதுகில் குறுக்காகப் போட்டு, இடுப்பருகே பெட்டியின் அடிமூலைகளில் கொக்கியால் மாட்டினால் எடை தோளில் அமரும், ஓடினாலும் பெட்டி ஆடாது. பெட்டியின் பின்புறம் பழைய யோகா விரிப்பின் துண்டை ஒட்டுங்கள். காற்றுக் குழாயின் ஒரு முனையை மட்டும் இறுக ஒட்டி, மறுமுனையை வெல்க்ரோவால் பிடிக்கவைத்தால் எங்காவது மாட்டி இழுபட்டாலும் பிள்ளை கீழே விழாமல் குழாய் கழன்றுகொள்ளும்.

வேடத்தோடு நேராகக் கோயிலுக்கோ ரயில் நிலையத்துக்கோ விமான நிலையத்துக்கோ போக வேண்டாம். வயரும் விளக்கும் உள்ள வீட்டுத் தயாரிப்பு எதுவாயினும் காவல் பணியில் இருப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். 2007-இல் அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்துக்கு எல்.இ.டி. பொருத்திய சட்டையோடு சென்ற ஒரு மாணவியைக் காவல்துறையினர் துப்பாக்கி முனையில் நிறுத்திக் கைது செய்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் கைப்பேசிக்கே அனுமதி இல்லை. பெட்டியைத் தனியே ஒரு துணிப்பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோய், அங்கே ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டு மாட்டுங்கள். அதே பையில் ஒரு திருப்புளி, மூன்று மாற்றுச் செல்கள், இன்சுலேஷன் டேப், நான்கு முழம் நூல் ஆகியவையும் இருக்கட்டும்.

மிஞ்சிய பலகைகளையும் வயர்களையும் குப்பையோடு எரிக்காதீர்கள். அந்தப் புகை நச்சுடையது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டிய பொருள்கள் அவை. விழா முடிந்து வீடு திரும்பியதும் முகப்பின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, செல்களை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் சில மாதங்களில் கசிந்து தாங்கியின் முனைகளை அரித்துவிடும். அடுத்த ஆகஸ்டில் தம்பிக்கோ தங்கைக்கோ அந்தப் பெட்டி தேவைப்படும்.